கீழ்நோக்கிய அம்பு

சென்னை மொத்த வியாபாரி போனில் கேட்டது சந்திரமோகனுக்கு முதலில் விளங்கவில்லை.

"இதே டிசைனை நேத்து ராத்திரியே வேற ஒருத்தர் அனுப்பிட்டாரே. இது உங்களுதா, அவருதா?"

காலை மணி எட்டரை. திருத்தணி கடைத்தெரு மாடியில் இருந்த அலுவலகத்தைச் சந்திரமோகன் அப்போதுதான் திறந்திருந்தார். பொதட்டூர்பேட்டையில் அவருடைய விசைத்தறிகள் ஓடின. புது பார்டர் லுங்கிக்கான டிசைன் முந்தின நாள் மாலைதான் முடிந்தது. காலையில் வியாபாரிக்குக் காட்டுவதற்காக, லேப்டாப்பை அணைக்காமல் வைத்துவிட்டுப் போகும்படி அவரே டிசைன் வரையும் ஹேமாவதியிடம் சொல்லியிருந்தார். மேசையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் டிசைன் எல்லை தாண்டி, ஆந்திராப் பக்கத்துப் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டது. போனது திரையைப் பிடித்த போட்டோ அல்ல, ஒவ்வொரு இழையையும் எண்ணக்கூடிய முழு ஃபைல்.

பத்து மணிக்கு மேல் சப் இன்ஸ்பெக்டர் புஷ்பலதா வந்தார். புகாரில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஹேமாவதி.

"அவங்கதான்னு எப்படி சொல்றீங்க?" என்றார்.

சந்திரமோகன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பென் டிரைவ் சொருகும் துளைகள் எல்லாம் எம்-சீல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. வைஃபை வேலை செய்வதில்லை. பழைய மாடல் என்பதால் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெட்டுப்போய் இரண்டு மாதமாகிறது. நெட் இல்லாததும் நல்லதுக்குத்தான் என்று அவர் விட்டுவிட்டார். ஃபைல் வெளியே போக வழியே இல்லை. அப்படியானால் வரைந்தவளே வீட்டில் உட்கார்ந்து இன்னொன்று வரைந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பக்கத்தில் நின்ற பரணிதரன் ஆமோதித்தார். சந்திரமோகனின் அக்கா கணவர். நிர்வாகம் முழுக்க அவர் கையில். "டிரைவர் கெடைக்கவே இல்லைங்க. சர்வீஸ் கடை திலீப் தேடிப் பாத்துட்டு கைய விரிச்சுட்டான்" என்றார்.

புஷ்பலதா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். திரையின் மூலையில் மணி 10.10. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் அதே நேரம். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது 10.20 காட்டியது. ஆட்கள் நேரத்துக்கு வரட்டும் என்று சந்திரமோகனே அதைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார்.

ஹேமாவதி வரவழைக்கப்பட்டாள். வாசலிலேயே நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

"ஆங், தம்பி லேப்டாப் இருக்குது மேடம்."

"எதிர்ப் பார்ட்டி உங்ககிட்ட எப்பவாவது பேசினாங்களா?"

அவள் சற்றுத் தயங்கினாள். "போன மாசம் வேலைக்குக் கூப்புட்டாங்க. வரலன்னு சொல்லிட்டேன்."

சந்திரமோகனின் முகம் மாறியது. இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் சந்தேகப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றாள் அவள். அந்தப் பதில் அவளுக்கே எதிராக அறையில் நின்றது.

புஷ்பலதா பேச்சை மாற்றினார். காலையில் வந்ததும் இந்த லேப்டாப்பில் முதலில் என்ன செய்வாள் என்று விசாரித்தார். உள்ளே பேட்டரி எல்லாம் செத்துவிட்டதால், ராத்திரி பிளக்கைப் பிடுங்கினால் தேதியும் நேரமும் எங்கோ பழைய வருஷத்துக்குப் போய்விடும் என்றாள் ஹேமாவதி. தினமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவள்தான் சரிசெய்வாள். நேற்றுக் காலையும் அப்படித்தான் செய்தாள். அதற்குப் பிறகு அவள் நேரத்தைத் தொடவில்லை.

புஷ்பலதா திலீப்பைக் கூப்பிட்டு அனுப்பினார்.

திலீப் வந்ததும் வராததுமாக, "டிரைவரா? போட்டேனே மேடம்" என்றான். கம்பெனி இந்த மாடலைக் கைவிட்டுவிட்டது. பழைய விண்டோஸுக்கு வந்த டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டதும் வைஃபை நன்றாகவே வந்தது. கடையிலேயே நெட் ஓடவிட்டுக் காட்டித்தான் பரணிதரனிடம் கொடுத்தான்.

"பொய் சொல்றான்" என்றார் பரணிதரன். "வேல தெரியாததை மறைக்கப் பாக்குறான். இல்லன்னா இவனும் அந்தப் பொண்ணும் கூட்டு."

இருவரில் ஒருவர் சொல்வது பொய். புஷ்பலதா லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். வைஃபை அடாப்டரின் பெயர் பட்டியலில் இருந்தது. அதன் மேல் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு.

"டிரைவர் கெட்டா இங்க என்ன வரும் திலீப்?"

"மஞ்சள் முக்கோணம், உள்ள ஆச்சரியக்குறி."

"இது?"

திலீப் குனிந்து பார்த்தான். "இது கெடல மேடம். யாரோ கையால நிறுத்தி வச்சுக்கினு இருக்காங்க."

புஷ்பலதா அந்தப் பெயரை அழுத்தி, இயங்க வை என்று கட்டளை கொடுத்தார். அம்பு மறைந்தது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்ததாகச் சொன்ன வைஃபை உயிர்பெற்று, அக்கம்பக்கத்துக் கடைகளின் இணைப்புகளை வரிசையாகக் காட்டியது.

"அவதான் நிறுத்தியிருப்பா" என்றார் சந்திரமோகன். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"இருக்கலாம். எல்லாரும் அவங்கவங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க. ஒவ்வொருத்தரா."

முதலில் சந்திரமோகனின் போன். லேப்டாப் அதன் பெயரைக் காட்டியது. தானாக இணையவில்லை, இணைக்கப் பார்த்தபோது பாஸ்வேர்டு கேட்டது. ஹேமாவதியின் போனுக்கும் கேட்டது. திலீப்பின் போனுக்கும் கேட்டது.

பரணிதரன் தன் போனில் சார்ஜ் இல்லை என்றார்.

"பரவால்ல, சார்ஜர்ல போட்டுக்கலாம்" என்று புஷ்பலதா கையை நீட்டினார்.

அந்தப் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. பாஸ்வேர்டு கேட்காமலே லேப்டாப் இணைந்துகொண்டது. ஏற்கெனவே பழகிய போன்.

"எடுத்தவர் நீங்கதான், பரணிதரன்" என்றார் புஷ்பலதா. "நேத்து ராத்திரி உங்க சாவியில திறந்து உள்ள வந்தீங்க. வைஃபைய இயக்கி, உங்க போன் வழியா ஃபைலை அனுப்பிட்டு, மறுபடி நிறுத்தினீங்க. நெட்டே இல்லாத லேப்டாப்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தது உங்களுக்கு வசதி."

நெட்டில்தான் போயிருக்கும் என்று எப்படிச் சந்தேகம் வந்தது என்று திலீப் கேட்டான்.

"மணிதான். இவங்க சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வச்ச நேரம் பத்து நிமிஷம் கூடுதலா இருக்கணும். நான் வந்தப்போ சரியா இருந்தது. நெட்டுக்குப் போனதும் அது தானா திருத்திக்கிச்சு. அதைத் திரும்பக் கெடுத்து வைக்கணும்னு இவருக்குத் தோணல."

பரணிதரன் நாற்காலியில் உட்கார்ந்து மைத்துனரை நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனியில பங்கு தரேன்னு சொல்லித்தானே என்னை இங்க கூப்புட்ட, மோகன்? இன்னி வரைக்கும் நான் சம்பளக்காரன்தான். அவங்க என்னைப் பார்ட்னரா சேத்துக்கறேன்னாங்க."

"கேட்டிருக்கலாமே பாவா" என்றார் சந்திரமோகன்.

"கேட்டேன். நீதான் காதுல வாங்கிக்கல."

சந்திரமோகன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்து நின்றார். பிறகு புஷ்பலதாவின் பக்கம் வந்து, இது குடும்ப விஷயம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

வாசலில் நின்றவள் முதல்முறையாகத் தானாகப் பேசினாள்.

"என் பேரை எழுதும்போது நீங்க இவ்ளோ யோசிக்கலைங்களே."

அவர் தலை குனிந்தது. பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அக்காவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். போகிற வழியில் ஹேமாவதியிடம் நின்று, நாளையிலிருந்து வந்துவிடு என்றார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

பரணிதரனை அழைத்துப்போக இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஹேமாவதியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி, புஷ்பலதா அவளைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கதவைச் சாத்திய பிறகுதான் அவள் அழுதாள். பஸ் ஸ்டாண்ட் வந்தபோது, நிறுத்தாமல் ஊரை இன்னொரு சுற்று சுற்றி வரும்படி ஜீப் டிரைவரிடம் புஷ்பலதா சொன்னார்.