பழுதில்லாத வேன்

காபியைக் குடித்து முடிப்பதற்குள் வீடு கிளம்பிவிட்டது. பொழிலன் டம்ளரோடு சன்னலோரம் போய் நின்றான். குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தாமாகக் கழன்று சுருண்டுகொண்டன. அடித்தளத்து உந்திகள் நீரைத் தள்ள, வீடு மற்ற வீடுகளுக்கு நடுவே மெதுவாக வழி பிடித்துப் போனது. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான்.

மன்னார் மிதவையில் தெருக்கள் கிடையாது. கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு இந்த நகரத்தைக் கட்டியவர்கள், தெருவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தெரு என்று ஒன்று இருந்தால் அது யாருடைய தெரு என்ற பேச்சு வரும். ஆகவே வீடுகள் வாராவாரம் இடம் மாறும். எந்த வீடு எங்கே என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். வீடுகள் வளையம் வளையமாக நிற்கும். வெளி வளையத்தில் அலை அடிக்கும், குழம்புச் சட்டி நிற்காது, கழிவுநீர் நிலையத்தின் வாடை வீசும். யாராவது அங்கே இருந்துதான் ஆகவேண்டும். குலுக்கல் சொன்னால் யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை.

வீடு உள் வளையத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. பொழிலனின் அப்பா தணிகாசலம் சட்டையைப் போட்டுக்கொண்டு, புதிதாகப் பக்கத்தில் வந்து சேர்ந்த வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார். வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திருப்தியாகத் திரும்பினார்.

"நல்ல ஆளுங்கதான்" என்றார். "இந்த வாரமும் உள்ளயே கெடச்சிருக்கு. நமக்கு ராசி."

பொழிலனுக்கு உப்புநீக்கு நிலையத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலை. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். ஒரு போல்ட்டை முடுக்கினால் சரியாக முடுக்கினோமா என்ற எண்ணம் அன்று முழுவதும் கூடவே வரும். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பயன் கிடைக்கட்டும் என்றுதான் பழம்பொறி மீட்பு மாலை வகுப்பில் சேர்ந்தான். வகுப்புக்கு ஒரே விதி: பொருள் எப்படி இருந்ததோ அப்படியே மீட்க வேண்டும், மேம்படுத்தக் கூடாது. வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்வார்கள். அவனோடு சேர்ந்தவள் நிறைமதி. அவன் யோசித்து முடிப்பதற்குள் டிங்கரிங் சுத்தியலை எடுத்துவிடுகிறவள்.

காயலான் மிதவையில், நசுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற வரிசையில்தான் அந்த வேன் கிடந்தது. மின்கலத்தில் ஓடிய கடைசித் தலைமுறை வேன். உப்புக் காற்றில் கதவுகள் அப்பளம்போல உதிர்ந்தன. பக்கவாட்டில் துருவைச் சுரண்டியபோது 'பூவலிங்கம் டிராவல்ஸ்' என்ற எழுத்து வந்தது. பூவலிங்கம் பொழிலனின் தாத்தா. கடல் ஏறிய நாட்களில் இந்த வண்டிதான் ஊர்ச் சனத்தைப் படகுத்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது வீட்டில் எல்லோரும் சொல்லிக் கேட்ட கதை.

"ஏறாத சனம் கிடையாதாம். எல்லாரையும் ஏத்திருக்காரு" என்றான் பொழிலன்.

"எங்க ஆளுங்களும் இப்படி ஒரு வேன்லதான் வந்தாங்களாம்" என்றாள் நிறைமதி. "உக்காந்து வந்தாங்களான்னு நான் கேட்டதில்ல."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அப்பா விழாக்குழுவில் பேசினார். விழாத் தளத்தைச் சுற்றி வரும் மிதவை நாள் ஊர்வலத்தில் ஓடினால் வேன் அருங்காட்சியகத்துக்குப் போகும். ஓடாவிட்டால் நசுக்கும் இயந்திரத்துக்கே திரும்பிவிடும். அதனால் இருவரும் மாலைதோறும் உழைத்தார்கள். கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தரைத்தகட்டில் ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி பார்த்தார்கள். முன்பக்கம் மெத்தை இருக்கைகள் இருந்தன. கடைசியில் தனிக் கதவுடன் ஒரு வெறும் பலகை. 'சாமான் வைக்கும் இடம்' என்று பொழிலன் குறித்துக்கொண்டான்.

"சாமானா?" என்று நிறைமதி ஒருமுறை கேட்டாள். அவன் அப்போது ஒரு திருகின் மரையை அளந்துகொண்டிருந்தான்.

மிஞ்சியிருந்தது இருக்கைமூளை. அந்தக் காலத்து வாடகை வேன்களில் அது உண்டு. ஏறுகிறவர்களில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதை உரிமையாளரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சிறு கருவி. கூட்டம் தள்ளுமுள்ளு இல்லாமல் ஏறும் என்று சொல்லி விற்றார்களாம். உப்புப் படிந்த முனைகளைத் துடைத்து மின்சாரம் கொடுத்ததும் வேன் கனைத்துக்கொண்டது. குரலில் தாத்தாவின் சாயல் இருந்தது.

"வாங்க தம்பி. எந்த ஊரு?"

"மன்னார் மிதவை."

"அது சரி. அதுக்கு முன்னால? பூர்வீகம்?"

பொழிலன் சொன்னான்.

"ஊருக்குள்ள எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா?"

"கோயிலுக்கு எதிர்ல. பூவலிங்கம் பேரன்."

"அட, நம்ம வீட்டுப் பிள்ளை." முன் இருக்கை சுழன்று அவனை நோக்கித் திரும்பியது.

நிறைமதி முன்கதவில் கை வைத்தாள். வேன் அதே கேள்வியைக் கேட்டது. அவளும் அதே ஊரின் பெயரைச் சொன்னாள். இருவருக்கும் ஒரே ஊர் என்பது பொழிலனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எந்தப் பக்கம்?"

அவள் வேனைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

"சரி. பின்னால போம்மா."

முன்கதவு பூட்டிக்கொண்டது. பின்னால் அந்தத் தனிக் கதவு திறந்தது.

நிறைமதி சுற்றிக்கொண்டு போய்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். "சாமான் வந்தாச்சு" என்றாள்.

"எங்கயோ இணைப்பு மாறியிருக்கும்" என்றான் பொழிலன். முகம் சுட்டது. கருவியைக் கழற்றி ஒவ்வொரு முனையாகச் சோதித்தான். மாட்டிப் பார்த்தான், மறுபடி கழற்றினான். அவள் பலகையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழுதும் இல்லை. அவர்கள் மீட்டதிலேயே ஒரு குறையும் இல்லாமல் வந்த பாகம் அதுதான்.

"அழிச்சிடு அத" என்றாள்.

"விதி இருக்கே. இருந்தபடியே…"

"இருந்தபடியேதான் இருக்கு."

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அந்தக் காலத்துல எல்லா வண்டியும் கேக்கும்லே. சனம் முன்னால கேட்டாத்தான் அசிங்கம். குரல மட்டும் எடுத்துடு. நகரப் பதிவேட்டோட இணைச்சிட்டா அதுவே ஆளப் பாத்துத் தெரிஞ்சுக்கிடும்."

"குரல் மட்டும் போனா போதுமாப்பா?"

"விழா நல்லபடியா நடக்கணும். வண்டி நசுங்கிப் போகணுமா, சொல்லு."

மறுநாள் பட்டறையில் பொழிலன் குரலை எடுத்தான். நகரப் பதிவேட்டுக்கும் இத்தனை பழைய கருவிக்கும் பொருந்தாது என்று நினைத்து ஓர் இணைப்பியைக்கூடச் செய்து கொண்டுவந்திருந்தான். அதற்குத் தேவையே இருக்கவில்லை. செருகி நேராகப் போய் உட்கார்ந்தது. திரையில் வாசகம் வந்தது: 'இந்த வகை மூளை ஏற்கெனவே இணைப்பில் உள்ளது. பிரிவு: வீட்டுக் குலுக்கல். குரல்: நீக்கப்பட்டது.'

அவன் மறுபடி படித்தான். நகரத்தைக் கட்டியவர்கள் வேன்களில் வந்து இறங்கியவர்கள்தானே. இத்தனை வீடுகளில் எதை எங்கே என்று நிறுத்தச் சனத்தைப் பற்றித் தெரிந்த ஒரு கருவி தேவைப்பட்டிருக்கிறது. அது கையிலேயே இருந்தது. கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று அப்பா சொன்னதும் அதைத்தான். இப்போது அவன் செய்து முடித்ததும் அதைத்தான்.

நிறைமதி அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள். பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, கை கழுவப் போனாள்.

மிதவை நாளன்று வேன் ஓடியது. தலைவர்களும் விருந்தினரும் ஏற, இருக்கைகள் ஒவ்வொருவருக்காகவும் அமைதியாகச் சுழன்றன. ஒரு குழப்பம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. எவ்வளவு ஒழுங்கு என்று கூட்டம் கைதட்டியது. வேனை மீட்டவர்கள் என்று இருவரையும் அழைத்தார்கள். முன் இருக்கை பொழிலனுக்காகத் திரும்பியது. பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது. கிரீஸ் போட்டவன் அவன்தான்.

எழுந்து பின்னால் போய் அந்தப் பலகையில் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தான். போனால் வண்டி நின்றுவிடுமோ, ஏன் என்று கேட்பார்களோ, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் ஊர்வலம் முடிந்துவிட்டது. வேன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடு கிளம்பியபோது பொழிலன் காபியைத் தொடவில்லை. வாசலில் நின்று மற்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் நிறைமதியின் வீடு வெகு அருகில் கடந்தது. அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?" என்று கேட்டான்.

"எப்பவும் போற எடத்துக்குத்தான்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆடுற வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரியாதா?" ஒரு துணியை உதறினாள். "இத்தனை நாள் ஒண்ணா வேல பாத்தோம். எந்த வளையம்னு இன்னைக்குத்தான் நீ கேக்குற."

அவன் வாசலின் ஓரம்வரை நகர்ந்தான். அதற்குள் அவளுடைய வீடு வெளியே, அலை வெள்ளையாக உடைகிற பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

அவனுடைய வீடு உள் வளையத்தில் பொருந்திக்கொண்டது. குழாய்கள் வந்து கவ்வின. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக வந்து சேர்ந்த வீட்டுக்காரர் வாசலில் நின்ற பொழிலனைப் பார்த்துச் சிரித்தார். மரியாதையான மனிதர்.

"வணக்கம் தம்பி. தண்ணி அமைதியா இருக்குல்ல இங்க? ஒங்களுக்குப் பூர்வீகம் எது?"

பொழிலன் ஊரின் பெயரைச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கோயிலுக்கு எதிர்ல" என்றான். பிறகு, "ஒங்களுக்கு?" என்று கேட்டான்.