செவ்வாய்க்கு நாற்பது பேர்

அன்று காலை தென்கடல் குடியரசில் தொண்ணூற்றிரண்டு லட்சம் பேர் தேர்வு எழுதினார்கள். காலிப் பணியிடம் ஒன்று. இதில் யாருக்கும் வியப்பில்லை, ஆண்டுதோறும் நடப்பதுதான். எண்பது ஆண்டுகளாக அந்த நாட்டை, மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆள்வான் என்ற எந்திரங்கள் ஆண்டு வந்தன. எந்திரம் தறிகெட்டால் நிறுத்துவதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வேலைக்குத்தான் தேர்வு. எந்த எந்திரமும் இதுவரை தறிகெட்டதில்லை. போன மாதம் ஓய்வுபெற்றவர் முப்பத்திரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்.

தேர்வு மையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள் பூங்கோதை. செவ்வாயில் பிறந்தவள். அங்கே அறுநூறு பேர் வாழும் செந்நிலக் குடியிருப்பை நடத்தும் நிறுவனத்தில் ஆள்சேர்ப்பு அதிகாரி. குடியிருப்புக்குத் தண்ணீரும் மூச்சுக்காற்றும் பனிச்சுரங்கத்திலிருந்துதான் வருகின்றன. ரோபோக்களை இறக்கினால் செம்புழுதி மூட்டுகளில் புகுந்து மூன்றே மாதத்தில் முடக்கிவிடும் என்பதால், துளைப்பான்களை மனிதர்கள்தான் இயக்க வேண்டும். இருப்பது பதினாறு பேர். இன்னும் நாற்பது பேர் வேண்டும்.

அந்தப் பதினாறில் ஒருவர் அவள் கணவர் மாசிலாமணி. ஆறு மாதமாக இரட்டை ஷிப்ட். இரண்டு முறை சுரங்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். மூன்றாவது முறை விழுந்தால் பிழைப்பது கடினம் என்று மருத்துவர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பூங்கோதை விவரம் தெரியாமல் வந்துவிடவில்லை. அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நாடுகாட்டி என்ற சில்லு, எந்த நாட்டில் இறங்கினாலும் அதன் பொருளாதாரத்தைப் புட்டுப் புட்டு வைக்கும். தென்கடலில் வேலையில்லாதோர் நூற்றுக்கு முப்பத்தொரு பேர். துளைப்பான் பயின்றவர்களே இரண்டு லட்சம். உள்ளூர்ச் சம்பளத்தைப்போல நான்கு மடங்கு தருவதாகச் சொன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்றது சில்லு. சொன்னாள். மூன்று வாரத்தில் வந்த விண்ணப்பங்கள் இரண்டு. அதில் ஒன்று விலாசம் மாறி வந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து டீ கேட்டாள். பெயர் செல்வராணி, வயது முப்பத்து மூன்று, துளைப்பான் இயக்கத்தில் தங்கப் பதக்கம். பூங்கோதைக்கு உயிர் வந்தது.

“செவ்வாய்க்கு வர்றியாம்மா? நாலு மடங்கு சம்பளம்.”

“கம்பெனியாக்கா, கவர்மெண்டா?”

“கம்பெனிதான்.”

“அப்ப வேணாம்கா.”

“இங்க இருக்கிறதே ஒரு வேலை. அது கெடைக்கலன்னா?”

“அடுத்த வருஷம் இன்னொருத்தர் ரிட்டயர்டு ஆவார்ல? இது எனக்கு ஏழாவது தடவ. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொன்னா வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கம்பெனிக்குப் போனேன்னு வைங்க, பொண்ணு பாக்க ஒருத்தன் வர மாட்டான்.”

பூங்கோதை டீயைக் குடிக்க மறந்தாள். அந்த முப்பத்தொரு பேரும் வேலை தேடவில்லை, காத்திருக்கிறார்கள். இதற்கு நாடுகாட்டியில் கட்டமே கிடையாது.

உடனே நிறுவனத் தலைவர் அப்பாத்துரைக்குச் செய்தி அனுப்பினாள். ஐந்நூறு பேருக்கு மேல் வாழும் எந்தக் குடியிருப்பும் தன்னை அரசாக அறிவித்துக்கொள்ளலாம் என்று விண்வெளிச் சட்டம் சொல்கிறது. ஒரு படிவம் போதும். பதில் வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. “கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?” என்று தொடங்கி, “சரி, செஞ்சு தொலை” என்று முடிந்தது.

மறுநாள் விளம்பரம் வந்தது. செந்நில அரசு, நீர்வழங்கல் துறை, துளைப்பான் இயக்குநர், நாற்பது பணியிடங்கள். சம்பளம் முன்பு சொன்னதில் கால்வாசி. எழுத்துத் தேர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு.

மூன்று நாளில் அறுபத்தொரு லட்சம் விண்ணப்பங்கள். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூங்கோதை வாய்விட்டு அழுதாள். இனி மாசிலாமணி பிழைத்துக்கொள்வார்.

தேர்வில் வென்ற நாற்பது பேரோடு அவள் செவ்வாயில் இறங்கியபோது, வழியனுப்பி வைத்த உறவினர்கள் போட்ட மாலையைச் செல்வராணி இன்னும் கழற்றவில்லை. ஒரே வாரத்தில் இரட்டை ஷிப்ட் ஒழிந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியது. அப்பாத்துரைகூடச் சிரித்தார் என்று கேள்வி.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை பூங்கோதை வீட்டுக்கு வந்தபோது மாசிலாமணி தூங்கவில்லை. கன்னத்தில் சதை வைத்து, முகம் தெளிந்து, தடிமனான ஒரு புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வேலைக்குப் போகலையா?”

“ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் இருவது போஸ்ட் போடுறாங்களாம். துளைப்பான் இயக்குநர்.”

“அதைத்தானேங்க இருவது வருஷமாப் பாத்தீங்க? அதுவும் நாலு மடங்கு சம்பளத்துல!”

“அது கம்பெனி வேலை பூங்கோதை. இது கவர்மெண்டு.”

திட்டத்தான் வாயெடுத்தாள். மூச்சு வாங்காமல், கை நடுங்காமல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. சுரங்கம் ஓடுகிறது. ஓய்வூதியம் வேறு உண்டு.

“வயசு வரம்பு எவ்வளவு?” என்று கேட்டாள்.

“நாப்பத்தஞ்சு. நீயும் ரெண்டு தடவ எழுதலாம்” என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.