அம்மா இறங்கும் நேரம்

“அசையாதீய அண்ணாச்சி!” என்றபடி பாண்டி, பெரியத்தாவின் தலையில் எண்ணெயைக் கவிழ்த்தார்.

குற்றாலத்தில் சீசன். அருவிக்குப் போகும் வழியில், எண்ணெய் தேய்க்கும் பாண்டியின் முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரியத்தா ஹபீபுல்லா. அவருடைய போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தம்பி மகள் ஹஃப்சா நின்றாள்.

இன்று அவளுடைய அம்மா துபாயிலிருந்து வருகிறாள். அங்கே வேலை பார்க்கும் அத்தாவைப் பார்க்கப் போனபோது துணைக்கு ஆள் இருந்தது. இப்போது தனியாக வருகிறாள். கையில் போனும் இல்லை. தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் வெளியே வரும்போது இவர்கள் இருவரும் வாசலில் நிற்க வேண்டும். பிளேன் கிளம்பத் தாமதமாகும் என்று அத்தா முன்பே சொல்லியிருந்ததால்தான் அருவிக்கு வந்திருந்தார்கள்.

போனில் அத்தாவின் குரல் செய்தி வந்தது. “பிளேன் இப்பதான் கிளம்புச்சு அண்ணே. ஒரு மணி நேரம் லேட்டு. நான் வேலைக்குப் போறேன்.”

அப்போது மணி பன்னிரண்டரை.

பெரியத்தா விரல் விட்டு எண்ணினார். “டிக்கெட்டுல பத்து மணிக்குக் கிளம்பி மூணரைக்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. அஞ்சரை மணி நேரம். அப்ப ஆறு மணிக்குத்தான் இறங்குவா. நல்லா குளிச்சிட்டு, பிரியாணி தின்னுட்டு, நிதானமாப் போவோம்.”

ஹஃப்சாவுக்கு இடித்தது. “மூணரைக்கு வர வேண்டிய பிளேன் ஒரு மணி நேரம் லேட்டுன்னா, நாலரைக்குத்தான பெரியத்தா வரும்?”

“ஏட்டி, அஞ்சரை மணி நேரம் ஓடுற பிளேன் நாலு மணி நேரத்துல எப்படி வரும்?”

ஒரே விமானம். எப்படி இரண்டு விடை?

அத்தாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அத்தா இந்நேரம் என்ன செய்வார் என்று யோசித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“பெரியத்தா! நான் ஸ்கூல் விட்டு வந்து போன் போட்டா, அத்தா அங்கன மத்தியானச் சோறு தின்னுக்கிட்டு இருப்பாக!”

“பசிக்காம லேட்டா தின்னிருப்பான்.”

“தினமுமா? எனக்கு நாலரைன்னா அத்தாவுக்கு மூணு மணி. டிக்கெட்டுல பத்து மணிங்கது அவுக ஊரு மணி. நம்ம கடிகாரத்துல அப்பவே பதினொன்னரை. மூணரைங்கது மட்டுந்தான் நம்ம மணி!”

பெரியத்தா மறுபடி விரல் விட்டார். “அப்ப நாலு மணி நேரந்தானா?” துள்ளி எழுந்தார். “மலை தாண்டிப் போகவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகுமே!”

“அண்ணாச்சி, முதுகு பாக்கி!”

“முதுகத் திரும்பி வந்து பாத்துக்கலாம்லே!”

செங்கோட்டையில் நெரிசல். புளியரை வளைவில் முன்னால் ஒரு மரலாரி, வழி விடாமல் ஊர்ந்தது.

“அம்மா கடலையே தாண்டி வாரா. நம்ம இந்த லாரியத் தாண்ட முடியலையே!” என்றாள் ஹஃப்சா. சிரிக்கப் பார்த்தாள். மறுபடி போனில் மணி பார்த்தாள்.

மணி மூன்று. மூன்றரை. நான்கரை. அம்மா இறங்கியிருப்பாள்.

விமான நிலையத்துக்குள் ஓடியபோது மணி ஐந்தே கால். வாசலில் பெருங்கூட்டம். ஹஃப்சா எம்பி எம்பிப் பார்த்தாள். முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. அம்மா எங்கேயாவது தேடிப் போய்விட்டாளோ?

“ஹஃப்சா!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியோடு அம்மா வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஹஃப்சா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“இப்பதாம்மா வெளிய வந்தேன். யாரையும் காணலயேன்னு பதறிட்டேன்.” அம்மா பெரியத்தாவைப் பார்த்தாள். சட்டை ஒட்டியிருந்தது. காதோரம் எண்ணெய் வழிந்தது. “இவ்வளவு கூட்டத்துல உங்க தலை ஒன்னுதான் மச்சான் மினுங்குச்சு. அதப் பாத்துத்தான் வந்தேன்!”

பெரியத்தா தலையைத் தடவிக்கொண்டார்.

“முதுகு இன்னும் பாக்கி,” என்றார். “இனி நிதானமாப் போவோம்.”