பையில் வந்த ஆள்

தம்பியைத் தூக்கி வந்தபோது, அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ் வேலையில் இருந்தேன். தொழிற்சாலையில் குளோரின் சிலிண்டர் கசிந்திருக்கிறது. மற்றவர்கள் பிழைத்தால் போதும் என்று ஓட, இந்த அசடு மட்டும் வால்வை மூடப் போயிருக்கிறான். நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்துவிட்டது. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர், உடம்பு அசையாதிருக்கத் தசைகளை முடக்கும் மருந்து. எதற்கும் அவன் தேறவில்லை.

"ஸ்டெம் செல் ஏத்திப் பார்க்கலாம்மா. நுரையீரல் புண்ணை ஆத்துமான்னு சோதனை நடக்குது. வேற வழி தெரியலை," என்றார் பெரிய டாக்டர்.

"அம்மா மூஞ்சியில நான் எப்படி சார் முழிப்பேன்? ஏத்துங்க," என்றேன்.

மத்தியானம் ஆய்வகத்துக்காரர் பையோடு வந்தார். உறைந்த செல்களை வெதுவெதுப்பான நீரில் உருக்குவதை அவர்கள் 'ஆளை எழுப்புறது' என்பார்கள்.

"எழுப்பியாச்சு சிஸ்டர். சீக்கிரம் ஏத்துங்க. திரும்பத் தூங்க வைக்க முடியாது."

"யாரோடது?"

"செத்துப்போன ஒருத்தரோட எலும்பு மஜ்ஜை. அதுக்கு மேல எங்களுக்கே சொல்ல மாட்டாங்க."

கலங்கிய திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பூண்டு வாசம் எழுந்தது. செல்களை உறைய வைக்கும் மருந்தின் வாசம் அது, எனக்குப் பழக்கம்தான். அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாசம்.

கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் அளவு ஏறத் தொடங்கியது. வார்டு என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

பிறகுதான் திரையைக் கவனித்தேன். வென்டிலேட்டர் கொடுக்கும் மூச்சுகளுக்கு நடுவே, நோயாளி தானே இழுக்கும் மூச்சும் தெரிந்தது. முடக்கும் மருந்து ஓடும்போது அது நடக்கவே முடியாது.

வென்டிலேட்டர் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். வார்டில் அவனுக்குக் 'காத்து' என்று பெயர்.

"குழாய்ல தண்ணி தேங்கியிருக்கும்க்கா. தண்ணி ஆடினா மெஷின் ஏமாந்துபோகும். இதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்களே!"

எங்கள் வேலையில் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். நானும் நம்பித் தொலைத்தேன். காத்து நீரை வடித்துக் குழாயை மறுபடி மாட்டினான்.

அந்த மூச்சு நின்றபாடில்லை.

"என்னடா இது..." என்று தம்பியின் முகத்தருகே குனிந்தான்.

தம்பியின் வலது கை எழுந்து அவன் கழுத்தைப் பிடித்தது.

காத்துவின் கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன. சலைன் கம்பம் சாய்ந்து கண்ணாடித் தடுப்பை உடைத்தது. நகங்கள் தோலைக் கிழித்து உள்ளே இறங்க, ரத்தம் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. "விடுடா! டேய், அக்காடா!" என்று கத்திக்கொண்டே அந்த விரல்களை நெம்பினேன். ஒரு விரல் என் கையிலேயே ஒடிந்தது. அப்போதும் பிடி தளரவில்லை.

தம்பி கண் திறந்தான். கண்ணீர் வழிந்தது. குழாயைச் சுற்றி உதடுகள் மட்டும் அசைந்தன.

"அக்கா... நான் இல்ல."

வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டேன். மூச்சு நின்றால் கை விட்டுவிடும் என்று நினைத்தேன். கூடப்பிறந்தவனைக் கொல்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன்.

நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தது.

கழுத்தெலும்பு முறியும் சத்தம் கேட்டது. காத்து என் காலடியில் விழுந்தான்.

மருந்து மயக்கத்தில் வந்த வெறி என்று விசாரணையை முடித்தார்கள். "நுரையீரல் புதுசு மாதிரி இருக்கும்மா!" என்று பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது தம்பி வீட்டில் இருக்கிறான். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. அம்மா வாயெல்லாம் பல்லாகத் திரிகிறாள். காத்துவின் மனைவியை நினைத்தால் எனக்குத்தான் ஒரு வாய்ச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இன்று பகலில் தம்பி சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கினான். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மெல்ல அவன் முதுகில் வைத்தேன்.

உள்ளே இரண்டு மூச்சு.

ஒன்று தம்பியுடையது, சிறு வயதிலிருந்தே நான் கேட்டது, நிதானமானது. இன்னொன்று அதன் இடைவெளிகளில் அவசர அவசரமாக ஓடியது.

நான் ஒட்டுக் கேட்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மூச்சு நின்றது.

நின்றது தம்பியுடையது.