சுருட்டறையில் ஒரு மூச்சு

முள் அசைந்தது.

எவெலியோ கண்களை மூடித் திறந்தார். அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். ஜனவரி மாதம் ஒரு காலையில் காப்பிக் கோப்பையோடு சரிந்து விழுந்ததிலிருந்து கை போயிற்று, கால் போயிற்று, நாக்கும் போயிற்று. மிச்சம் இமைகள். ஒருமுறை மூடினால் 'ஆமாம்'. இருமுறை மூடினால் 'இல்லை'. யாராவது கேட்டால்தான் அந்தப் பதிலும்.

அவருடைய சக்கரக் கட்டிலுக்கு நேர் எதிரே சுருட்டறை. ஹவானாவின் அந்தப் பழைய வீட்டில் முன்பு மளிகைச் சாமான் வைத்த, ஜன்னல் இல்லாத, தடித்த சுவர் வைத்த அறை. தொழிற்சாலையில் சுருட்டு ருசி பார்க்கும் வேலையில் இருந்தபோது அவரே தேவதாருத் தட்டுகள் அடித்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, சுருட்டு காயாமலிருக்கக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வருஷக்கணக்கில் பழுக்கப் போட்டிருந்தார். கதவைத் திறந்தால் ஈரம் ஓடிவிடும் என்பதற்காகக் கதவின் நடுவே மேலிருந்து கீழ்வரை கண்ணாடி பதித்திருந்தார். அதன் வழியே பார்த்தால் எதிர்த் தட்டில், அறையின் ஈரத்தை அளக்கும் ஈரமானி தெரியும். வட்ட முகம், கறுப்பு முள்.

"உன் புள்ளைங்களப் பாத்துக்கிட்டே கெட, கெழவா" என்று சொல்லித்தான் மனைவி நெரெய்டா, அவர்கள் இருவரும் படுத்துவந்த பழைய கட்டிலுக்குப் பக்கத்தில், சக்கரக் கட்டிலை அங்கே போட்டாள்.

இப்போது அந்த முள் மெல்ல ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மதிய வெயில் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வெகுநேரமாகி, மின்விசிறி செத்த பறவையைப் போல இறக்கை விரித்துத் தொங்க, தெருவில் பூண்டுக்காரன் கத்திக்கொண்டு போகிற குரல்கூட உருகி நீண்டு, சுவர்களுக்குள் ஊறிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஈரமானி அவ்வளவு வேகமாக அசையாது. அவருக்கு நன்றாகத் தெரியும். மழைக்கால ஈரமே அதை நகர்த்த அரைநாள் எடுத்துக்கொள்ளும். அது இப்படி ஏறி இறங்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்.

யாராவது அதன்மேல் வாயை வைத்து மூச்சு விட வேண்டும்.

நெரெய்டா கிழங்குக் கூழோடு வந்தாள். ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். பிறகு சுருட்டறைக் கதவைத் திறந்து, உடனே சாத்திக்கொண்டு உள்ளே போனாள். எவெலியோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து நிமிர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா, தண்ணிக் கிண்ணம் காஞ்சு கெடக்கு, நான் பாட்டுக்கு மறந்துட்டேன். ஆனா முள்ளு ஜம்முனு நிக்குது! இந்த மரம் இருக்கே, அப்படியே ஈரத்தப் புடிச்சு வச்சுக்குது. கைராசி கெழவா உனக்கு!"

அவர் இருமுறை இமைத்தார். அவள் பார்க்கவில்லை. கேள்வி கேட்காதவள் எதற்குப் பதிலைப் பார்க்கப் போகிறாள்?

கதவு திறந்த அந்த நொடியில் ஒரு வாடை வெளியே வந்திருந்தது. மூக்கைச் சுளித்தாள் அவள். "புதுப் பெட்டிங்க இன்னும் சீக்குலதான் கெடக்கு." புதிதாகச் சுற்றிய சுருட்டு சில மாதங்கள் மூத்திர நெடி அடிக்கும், அதைச் 'சீக்கு' என்பார்கள், சீக்கு தெளியும்வரை பெட்டியைத் தொடக்கூடாது. அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த நெடியை ஆயுள் முழுக்க மூக்கில் சுமந்தவர் அவர். இது அதுவல்ல. இது நாள்கணக்கில் பட்டினி கிடந்த வாயின் வாடை.

மறுநாள் கண்ணாடியின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, உட்புறமாக ஒரு பனிப்படலம் பூத்தது. காப்பிச் சாசர் அளவு. மறைந்தது. பூத்தது.

அதற்கடுத்த நாள் முழங்கால் உயரத்தில்.

பிறகு இடுப்பு உயரத்தில்.

எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காசிமிரோ வந்தார். தொழிற்சாலையில் பக்கத்து நாற்காலிக்காரர். சீட்டாட்டம், ரம், வம்பு, எல்லாவற்றிலும் கூட்டாளி. தொப்பியை எவெலியோவின் காலில் மாட்டிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"என்னடா மச்சான், ராஜா மாதிரி படுத்துக் கெடக்க! பொண்டாட்டி ஊட்டுறா, பொண்டாட்டி தொடைக்கிறா. எனக்கும் ஒரு வாதம் வந்தா தேவலாம் போல."

"உங்களுக்கு வந்தா உங்க பொண்டாட்டி கட்டிலோட கொண்டுபோய்க் கடல்ல தள்ளிடுவா" என்றாள் நெரெய்டா.

"அதுவும் சரிதான் தங்கச்சி." காசிமிரோ கட்டிலோரம் உட்கார்ந்தார். எவெலியோவின் பார்வை போகும் திசையைக் கவனித்தார். "எப்பப் பாரு அந்தக் கதவையே மொறைக்கிறியே, என்னடா? உள்ள எவனையாவது ஒளிச்சு வச்சிருக்காளா?"

எவெலியோ காத்திருந்தது இதற்குத்தான். கேள்வி! சரியான கேள்வி!

ஒருமுறை இமைத்தார். அழுத்தமாக. ஆமாம்.

காசிமிரோ ஒரு கணம் வாயைப் பிளந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "தங்கச்சி! மாட்டிக்கிட்ட! ஆமாங்கறான் பாரு!"

"ஆமா, எனக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்! ஏன் கெழவா, எளசா, கெழமா? அதையும் சொல்லிடு" என்று அவளும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கண்ணில் நீர் வர அவள் சிரித்தது அன்றுதான். அவர் இமைத்தார், இமைத்தார், இமைத்துக்கொண்டே இருந்தார். "போதும் போதும், கண்ணு வலிக்கப் போவுது" என்று சொட்டுமருந்து விட்டாள். எல்லாம் மங்கிப்போயிற்று.

அந்த மங்கலுக்குள் காசிமிரோ சுருட்டறைக்குப் போய்வருவது தெரிந்தது. வெளியே வந்தவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"பெட்டியெல்லாம் அருமையாப் பழுக்குது. ஆனா உள்ள என்ன ஜில்லுனு இருக்கு! கெணத்துல எறங்கின மாதிரி. இந்த அனல்ல ஏன் வெளிய கெடந்து வேகறீங்க?"

அந்த வாரம் அனல் இன்னும் ஏறியது. மாலையில் போன கரண்ட் திரும்புவதே இல்லை. எவெலியோவின் முதுகில் வேர்க்குரு வெடித்துப் புண்ணாயிற்று. நெரெய்டா அட்டையால் விசிறி விசிறி, உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். அவள் கண்ணுக்கடியில் கருவளையம். ஒருநாள் கூழ்க்கிண்ணம் நழுவி உடைந்தது. உடைந்ததைப் பொறுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பனிப்படலம் தலை உயரத்தில் பூத்தது.

இருட்டியதும் காசிமிரோ மெழுகுவத்தி கொண்டுவந்தார். நெரெய்டா அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "முடியலண்ணே. சுருட்டறையில ஒரே ஒருத்தர் படுக்கத்தான் எடம் இருக்கு. ஒரு ராத்திரி நான் உள்ள பாயப் போட்டுத் தூங்கினேன்னா, காலையில மனுஷியா எழுந்திருப்பேன். இவரப் பாத்தாலும் பாவமா இருக்கு."

பிறகு எவெலியோவின் முகத்தருகே குனிந்தாள். "நீயே சொல்லு கெழவா. உள்ள உன்னப் படுக்க வைக்கட்டா? வேணாம்னா நான் போய்ப் படுத்துக்கறேன்."

அவள் தோளுக்கு மேலே கண்ணாடி தெரிந்தது. அங்கே, அவள் உயரத்திலேயே, ஒரு வெண்வட்டம். பூத்து... மறைந்து... பூத்து...

கேட்டுக்கொண்டிருந்தது அது.

எவெலியோ ஒருமுறை இமைத்தார்.

"என்னைய உள்ள விடுன்னு சொல்றான் சுயநலக்காரன்" என்று காசிமிரோ கட்டிலைப் பிடித்தார். நெரெய்டா புருஷனின் நெற்றியில் முத்தமிட்டாள். ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு கொடுத்த முத்தம். அது தெரிந்தபோதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சக்கரக் கட்டில் வாசலுக்கு மட்டுமட்டாக இருந்தது. கதவை முழுக்கத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு சக்கரம் நிலைப்படியில் சிக்கிக்கொள்ள, காசிமிரோ திட்டிக்கொண்டே தூக்கித் தள்ளினார். கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. பட்டினி வாயின் வாடை எவெலியோவின் முகத்தை உரசிக்கொண்டு கடந்தது.

கதவு சாத்தப்பட்டது.

காசிமிரோ விடைபெற்றுப் போகும் சத்தம். தெருக்கதவின் தாழ். அப்புறம் நிசப்தம்.

எவெலியோ மணிக்கணக்கில் காத்திருந்தார். இருபக்கமும் பெட்டிகள். புகையிலை மணம், மர மணம், தேன் கலந்த மண் மணம், அவர் வாழ்நாளெல்லாம் நேசித்த மணங்கள், குளிர்ந்து கனத்து நெஞ்சின்மேல் இறங்கின. வா, என்று நினைத்தார். வந்து தொலை. என்னோடு முடித்துக்கொள்.

எதுவும் வரவில்லை.

கண்ணாடி வழியே வந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஈரமானி தெரிந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது. நின்று நிதானித்து ஏறவில்லை. ஒரே சீராக இறங்கியது. காய்ந்த கிண்ணத்துக்கும் காய்ந்த அறைக்கும் எப்படி இறங்க வேண்டுமோ, அப்படி.

வாடையே இல்லை. சுத்தமான காற்று.

அறை காலி.

அவருக்குப் புரிந்தது.

இமைகளை அகலத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். வெளியே, அவர்கள் இருவரும் இத்தனை வருஷம் சேர்ந்து தூங்கிய அகலக் கட்டிலில், நெரெய்டா குறுக்காகப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். தலைமாட்டில் மெழுகுவத்தி. ஜன்னல்கள் திறந்தே கிடந்தும் துளிக் காற்றில்லை. இலை அசையாத புழுக்கம்.

சுடர் அவள் பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தது.

சாய்ந்தது.

இல்லை. இல்லை. இருமுறை இமைத்தார். மறுபடி இருமுறை. மறுபடி.

அவள் பக்கத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது. ஓர் ஆள் கனத்துக்கு. தலையணையில் ஒரு குழி விழுந்தது.

நெரெய்டா விழிக்கவில்லை. தூக்கத்திலேயே சற்று நகர்ந்து, பழக்கப்பட்டவளாக இடம் விட்டாள். பிறகு அந்தப் பக்கமாகப் புரண்டு, கையை நீட்டி, அணைத்துக்கொண்டாள்.

அவள் கை மெத்தையைத் தொடவே இல்லை. பாதி வழியில், ஒன்றின்மேல் படிந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.