வத்தல் வீட்டுத் தும்மல்

வாசற்படியைத் தாண்டியதும் தவுபிக் தும்மினான்.

கேமராக்காரர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்கள். விருதுநகர் பஜாருக்குப் பின்னால், கீழே மிளகாய் வத்தல் குடோனும் மேலே குடித்தனமுமாக இருக்கிற அந்த வீட்டில், புதிதாக வருகிற எவருக்கும் மாடிப்படி ஏறுவதற்குள் மூக்கு எரிந்துவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த தவுபிக்கை வத்தல் நெடி ஒன்றும் செய்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தஹ்மீனா ஓயாமல் தும்மியபோது, "நீ இன்னும் இந்த வீட்டு ஆளு ஆகலை" என்று கேலி செய்தவனே அவன்தான்.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் சரக்கெடுக்கும் வியாபாரிகளை அந்தமானுக்கு டூர் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே ஒரு சின்னத் தீவில் குளிக்க இறங்கிய தவுபிக் திரும்பவில்லை. மணலில் செருப்பு மட்டும் கிடந்தது. அன்றிலிருந்து சேனல்காரர்கள் தெருவிலேயே குடியிருந்தார்கள். முதலை இழுத்துப் போய்விட்டது என்றார்கள், எவளோடோ ஓடிப்போனான் என்றார்கள், மகள் பெனாசிரின் பள்ளிக்கூடப் படத்தைக்கூட விட்டுவைக்காமல் காட்டினார்கள். அழுது அழுது தஹ்மீனாவுக்கு எல்லாம் மரத்துப்போயிற்று. அதே தீவின் காட்டோரத்தில் உயிரோடு கிடைத்தான் என்ற சேதியையும் அவளுக்கு டிவிதான் சொன்னது.

"அக்கா, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"சந்தோஷம்தான்" என்றாள் தஹ்மீனா. உள்ளே ஒன்றுமே இல்லை.

தவுபிக் மறுபடி தும்மினான். தும்மினால் இறைவனைப் புகழ்ந்து 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வது அந்த வீட்டில் மூச்சு விடுவது போலப் பழக்கம். அவன் சொல்லவில்லை. ஊர் வந்ததிலிருந்து அவன் எதுவுமே பேசவில்லை.

அவள் மாமியாரின் காதருகே குனிந்தாள். "மாமி, அவுக தும்முறாக."

"தும்மட்டும்மா" என்றாள் பீவி ஜான், மகனின் தலையைத் தடவிக்கொண்டே. "எம்புள்ள உசுரோட தும்முறான்ல, அம்புட்டுப் போதும்."

பொழுது சாயும் நேரத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதோ பட்டாசு ஆலையில் விபத்து என்று போன் வந்தது. சேனல் வண்டிகள் அத்தனையும் அங்கே பறந்தன. பீவி ஜான் தொழுகைக்கு உட்கார்ந்தாள். அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த தஹ்மீனாவின் மூக்கில், வத்தல் நெடியையும் மீறி, ஈர மணலும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை மெல்ல வந்து படிந்தது. பெனாசிர் அவனோடு அறையில் இருந்தாள். பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று பட்டது. காரணம் என்ன சொல்வது? ஊரே பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதன். பெற்ற தகப்பன்.

"பெனாசிர், இங்கன வாம்மா. பால் ஆறுது."

பாலை டம்ளரில் ஊற்றினாள்.

அறையில் ஒரு தும்மல். அவனுடையது.

பிறகு இன்னொன்று. சின்னது.

தஹ்மீனாவின் கை அப்படியே நின்றது. வத்தல் மூட்டை மேல் ஏறி விளையாடி வளர்ந்த பிள்ளை. சளி பிடித்தால்தான் தும்முவாள். தும்மியதும் பெருமையாக 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லுவாள், 'அல்லாஹ் அருள் செய்யட்டும்' என்று யாராவது பதில் துஆ சொல்லும்வரை விடமாட்டாள்.

அவள் காத்திருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு அறைப் பக்கம் நடந்தாள். "அம்மா பதில் சொல்றேன். சொல்லு."

ஃபேன் சத்தம் மட்டும்.

அறை வாசலில் பெனாசிரின் செருப்பு கிடந்தது. கீழே, படிக்கட்டு ஓரம் இருக்க வேண்டியது. ஈர மணல் ஒட்டியிருந்தது.

திரைச்சீலையை விலக்கினாள்.

கட்டில் விளிம்பில் அவன். மடியில் பிள்ளை. இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது. கண் கலங்கியிருந்தது. புது வீட்டுக்கு வந்தவர்களைப் போல அவளை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

ஒரே நேரத்தில் தும்மினார்கள்.