குமரகுரு பற்றவைத்த உண்டியல்

காலை 10.15.

உண்டியலை அறுத்துக் கவிழ்த்தார்கள். விரித்திருந்த பட்டுத்துணியில் விழுந்தது தங்கக் காசு அல்ல, இரும்பு வாஷர். லாரிச் சக்கரத்துக்கு ஆகும், கழுத்துக்கு ஆகாது.

"ஐயோ சாமி!" என்றாள் பிரபா. அவள் கணவர் குமரகுரு ஒரு வாஷரை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அவருடைய தம்பி கதிர்வேல் கையில் அறுக்கும் மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பதினெட்டு முடிந்த மகள் மௌனிகா மட்டும் வாஷர்களைப் பார்க்காமல் பட்டறைக் கேட்டைப் பார்த்தாள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் குமரகுரு. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. மகள் பிறந்த மறுநாள் இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்து, காசு போட ஒரு வாய் மட்டும் விட்டு, சுற்றிலும் பற்றவைத்து மூடிவிட்டார். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. வருடம் ஒரு தங்கக் காசு. போடும்போதெல்லாம் ஒரே வசனம்: "பதினெட்டு முடிஞ்சா அவ காசு, அவ இஷ்டம்." தங்கம் கிராம் என்ன விலைக்கு ஏறும் என்று அப்போது தெரிந்திருந்தால் அந்த வசனத்தைக் கொஞ்சம் சுருக்கியிருப்பார்.

ஏனென்றால் லாரி அடிச்சட்டம் விற்கும் சேஸிஸ் வியாபாரிக்கு அந்தக் காசையே முன்பணமாக வாக்குக் கொடுத்திருந்தார். பிரபா அதே காசில் ஆரம் செய்ய ஆசாரியைப் பார்த்து வைத்திருந்தாள். உரியவளின் திட்டம் வேறு: டிபன் வண்டிகளுக்குப் பாடி கட்டும் தொழில், அவள் பெயரில். இரண்டு மாதம் முன்பு கேட்டாள். "பொம்பளப் புள்ள வெல்டிங் வெக்கறதா?" என்று அப்பா சிரித்ததோடு சரி.

விருந்தாளியாக வந்திருந்தவர் முகம்மது ஹனீப், பழைய இரும்பு வியாபாரி. கேக்குக்கும் வந்திருந்தார், பட்டறையின் கழிவு இரும்பை லோடு ஏற்றவும் வந்திருந்தார். ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை.

குமரகுரு தம்பியின் சட்டையைப் பிடித்தார். "கடனுக்கு என்ன பண்ணலாம்னு போன வாரம் எங்கிட்டயே கேட்டீல்ல! சொல்லுடா!"

"கடன் இருக்குதுண்ணா. அதுக்குப் புள்ள காசுல கை வெப்பேனா?"

"போலீஸுக்குப் போன் போடறேன்!"

"போடுங்க," என்றார் ஹனீப். "அவங்க மொதல்ல பொட்டிய எடுத்துட்டுப் போவாங்க, அப்புறம் தம்பிய. ரெண்டும் திரும்பி வர எத்தன வருசமோ. எனக்கு அரை மணி நேரம் குடுங்க குரு. நான் கூலி கேக்க மாட்டேன்."

ஹனீப் கூலி கேட்காதது அந்தத் தெருவில் புதுச் செய்தி. குமரகுரு போனை வைத்தார்.

காலை 10.40.

ஹனீப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். வெளியே பளபளக்கும் நீலப் பெயிண்ட்.

"இது எப்ப அடிச்சது?"

"போன வாரம் ஆயுத பூஜைக்குங்க," என்றார் குமரகுரு. "வருசா வருசம் அடிப்போம். பட்டறையில சாமான்களோட வெச்சுப் பூஜை பண்ணி, மறுநாள் ஊட்டுக்கு எடுத்துட்டு வருவோம்."

"அந்த ராத்திரி பட்டறையில யாரு?"

"யாருமில்லீங்க. ஆளுகளுக்கெல்லாம் லீவு. சாவி ஊட்டு ஆணியில தொங்குச்சு."

"அப்ப இந்த நாலு பேர்தான்."

பிரபா விம்மினாள். மௌனிகா ஹனீப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீட்டிய கையில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள்.

"என்ன கண்ணு இது?"

"தோசைக்கல்லுல எண்ணெ தெறிச்சுதுங்க மாமா." பிறகு மெல்ல, "லோடு இன்னிக்கே எடுக்கணுங்களா? நாளைக்கு வந்தா ஆகாதுங்களா?"

"நாளைக்கு வந்தா இரும்பு வெல எறங்கிரும் கண்ணு."

ஹனீப் டார்ச் அடித்துப் பெட்டியின் உள்ளே பார்த்தார். நான்கு பக்கமும் செங்காவி நிறத்தில் ரெட் ஆக்ஸைடு பூச்சு, துருவுக்குக் காவல். பற்றவைத்த ஓரத்தில் மட்டும் கருகி உரிந்திருந்தது. எதிர்ச் சுவரில் குமரகுரு கொட்டை எழுத்தில் எழுதி வைத்த பட்டறைச் சட்டம்: மூடும் முன் பூசு.

"குரு, இந்தப் பொட்டி செஞ்சப்ப உள்ள பெயிண்ட் அடிச்சீங்களா?"

"பெயிண்டு ஏதுங்க பாய் அன்னிக்கு? ஆஸ்பத்திரியில இருந்து நேரா ஓடியாந்தேன். வெறுந்தகடு. கதிர்வேல் புடிச்சான், நான் பத்த வெச்சேன். வெளிப்பக்கமே அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் பெயிண்ட் கண்டுச்சு. அந்தச் சட்டமெல்லாம் அப்புறம் வந்ததுங்க, ஒருத்தன் துரு ஏறின பாடியத் திருப்பிக் கொண்டாந்து உட்டப்ப."

ஹனீப் தலையாட்டினார். பிறகு சம்பந்தமே இல்லாமல் போனை எடுத்தார்.

"டிரைவர், வண்டிய உள்ள உடு. அந்த மூலைக் குவியல்ல இருந்து ஏத்து."

காலை 11.05.

லாரி பின்னால் வந்தது. சுமைக்காரர் குவியலில் கை வைத்ததும் மௌனிகா ஓடினாள்.

"அத விட்டுருங்க! அத மட்டும் விட்டுருங்க!"

"நிறுத்துப்பா," என்றார் ஹனீப். "பொருள் கெடச்சிருச்சு."

குமரகுருவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஹனீப் அறுபட்ட பெட்டியை அவர் மடியில் வைத்தார்.

"உள்ள பாருங்க. மூடின பொட்டிக்குள்ள காசு போற வாய் வழியா நாலு பக்கமும் பெயிண்ட் பூச முடியுமா? முடியாது. ஓரத்துல கருகியிருக்கு. அப்படின்னா மொதல்ல பூசி, அப்புறம் பத்தவெச்சிருக்கு. இது உங்க பொட்டியே இல்ல. ஜோடிப் பொட்டி. பூஜை ராத்திரி மாத்திட்டாங்க. புதுப் பெயிண்ட் வாசத்துல யாரு கண்டா?"

"கதிர்வேலு..."

"தம்பி செஞ்சிருந்தா உள்ள வெறுந்தகடா விட்டிருப்பாரு. அன்னிக்குத் தகடு புடிச்சவரு அவரு. நீங்களும் அப்படித்தான். இத செஞ்ச ஆளுக்குப் பழைய பொட்டி உள்ள வெறுந்தகடுன்னு தெரியாது. ஆனா யாரும் பாக்காத எடத்துலயும் பூசாம மூடக் கை வரல. உங்க சட்டத்துலயே வளந்த கை."

"நானுந்தான் அன்னிக்கு அங்க இல்லீங்களே," என்றாள் பிரபா கலவரத்தோடு.

"உங்க கையில வெல்டிங் பொறி பட்ட தழும்பு இல்லீங்களே, தங்கச்சி. பொட்டிய மூடினப்ப ஆஸ்பத்திரித் தொட்டில்ல கெடந்த இன்னொரு ஆள் கையிலதான் இருக்குது. தோசை சுட்டா இப்படி வரிசையாச் சுடாது."

எல்லாரும் மௌனிகாவின் கையைப் பார்த்தார்கள். கதிர்வேல் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெல்டிங் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மௌனிகா குவியலுக்குள் கை விட்டு, தகடுகளை ஒதுக்கி, ஒரு பெட்டியை இழுத்தாள். அதே அளவு, அதே நீலம். ஆனால் வருடக்கணக்கான பெயிண்ட் அப்பி மூலைகள் மழுங்கியிருந்தன. அறுபடவில்லை.

"தொறக்கவே இல்லீங்கப்பா," என்றாள். "நேத்து வரைக்கும் எனக்குப் பதினெட்டு ஆகல. ஆனா இன்னிக்கு அறுத்ததும் காசு உங்க கைக்குப் போயி, அங்கருந்து சேஸிஸ்காரர் கைக்குப் போயிரும். எங் கைக்கு எப்பங்கப்பா வரும்? பொட்டி வெறும் வாஷர்னு தெரிஞ்சா அவரு வேற ஆளப் பாத்துட்டுப் போயிருவாரு. அதுக்கப்புறம் உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு இருந்தேன். சித்தப்பா சட்டையப் புடிப்பீங்கன்னு நெனைக்கல."

"திருட்டுன்னு எழுதிக் குடுக்கறீங்களா குரு?" என்றார் ஹனீப். "அவ காசு, அவ இஷ்டம். வருசா வருசம் கேட்ட சாட்சி நானே இருக்கேன்."

குமரகுரு அறுபட்ட பெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். காலையில் அறுக்குமுன் இதே ஓரத்தைத் தடவித்தான், "பாருங்க பாய், ஒரு பிசிறு இருக்குதா? பதினெட்டு வருசத்துக்கு முந்தி இந்தக் கை வெச்ச வெல்டுங்க!" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி மார் தட்டியிருந்தார். அதை ஹனீப் இப்போது ஞாபகப்படுத்தவில்லை. வியாபாரத்தில் சில சரக்கை இருப்பில் வைப்பதுதான் லாபம்.

"சேஸிஸ்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன் சாமி," என்றார் கடைசியில் மகளிடம், குரல் இறங்கி.

"பாதி தாரேங்கப்பா. கடனா."

"அப்பங்கிட்டயே கடனா? வட்டி எவ்வளவு?"

"வட்டி வேண்டாங்க. பின்னாடி ஷெட்டு வேணும்."

"பின்னாடி ஷெட்டா? அங்க பெயிண்ட் டின்னெல்லாம் கெடக்குதே... பாதி ஷெட்டு."

"அப்ப கால் பங்கு காசு."

ஹனீப் வாய்விட்டுச் சிரித்தார். "குரு, சீக்கிரம் ஒத்துக்குங்க. நேரம் ஆக ஆக அவ விலை ஏறுது."

குமரகுரு எழுந்தார். தம்பியின் சட்டைக் காலரை ஒரு தரம் நீவிச் சரிசெய்தார், மன்னிப்பு அவ்வளவுதான். அவர் கையிலிருந்த மெஷினை வாங்கி மகளிடம் நீட்டினார்.

"கண்ணாடி போட்டுட்டு அறு," என்றார். "முழு ஷெட்டும் உனக்குத்தான். சாவிய ஊட்டு ஆணியில மாட்டாதே. உன் சாவிய நீயே வெச்சுக்க."